கொடும்பைக் கவர்வழியில் நிற்கும் கற்றளிகள்



திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் ஒரு கூட்டுச்சாலை எதிர்ப்படுகின்றது. மணப்பாறைப் பக்கமிருந்து புதுக்கோட்டைப் பக்கம் செல்லும் சாலை அவ்விடத்தில் நெடுஞ்சாலையைக் குறுக்கிடுகின்றது. சுற்றிலும் மேட்டு நிலம், இடையிடையே ஏரி, மழையை நம்பிய வயல். விரைந்து செல்லும் வண்டியில் இருப்பவர் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஊர் பின்னே போய்விடுகின்றது. அச்சிற்றூரின் பெயர் கொடும்பாளூர்.

பழந்தமிழில் வழி பிரியுமிடத்திற்குக் கவலை என்று பெயர். எவ்வழி செல்வது என்று அறியாமல் மனம் பிரிந்து நிற்கும் நிலைக்கும் அதே சொல்தான். கொடும்பாளூர் இவ்விரு பொருளிலும் கவலையுடைய ஊர். அதன் வழிகள் பிரிந்ததைச் சிலப்பதிகாரம் சொல்லும். அதன் மொழி பிரிந்ததை அங்கு நிற்கும் கற்கள் சொல்லும். இவ்வுரை அந்தக் கற்களைப் பற்றியது.

முதலில் வழியைப் பார்க்க வேண்டும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரை நீங்கித் தென்திசை செல்கையில், மாங்காட்டு மறையவன் அவர்களைக் கண்டு மதுரைக்குச் செல்லும் நெறியை உரைக்கின்றான். காடுகாண் காதையில் அது விரிவாக வருகின்றது. கொடும்பையின் நெடுங்குளக் கரையை அடைந்தால், சிவன் ஏந்திய முத்தலை வேல்போல வழி மூன்றாகப் பிரியும் என்கின்றான் அவன். வலப்பக்க வழி வறண்ட நிலத்தூடு சென்று சிறுமலையைக் கடக்கும். இடப்பக்க வழி வயலும் சோலையும் கடந்து திருமாலின் குன்றை, அஃதாவது இன்றைய அழகர் மலையைத் தொடும். நடுவழி ஊர்களும் சோலைகளும் நிறைந்தது. ஆயினும் காட்டில் உறையும் அணங்கொன்று வழிப்போக்கரை மயக்கும். மூன்றும் மதுரையைச் சேரும் வழிகளே.

எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. இளங்கோவடிகள் ஒரு பேரூரைப் பாடவில்லை. ஒரு குளக்கரையையும் அங்குப் பிரியும் மூன்று வழிகளையும் பாடினார். பெருநகரங்கள் பல தம் தெருக்களை மாற்றிக்கொண்டன. துறைமுகங்கள் கடலுள் மறைந்தன. கொடும்பையோ இன்றும் வழிகள் கூடிப் பிரியும் இடமாகவே இருக்கின்றது. வண்டிகள் மாறின, வழி கூடும் இடம் மாறவில்லை.

வழி கூடும் இடத்தில் காவல் வேண்டும். காவலுள்ள இடத்தில் வணிகம் வளரும். வணிகம் வளர்ந்த இடத்தில் அரசு கால்கொள்ளும். சோழநாட்டிற்கும் பாண்டியநாட்டிற்கும் இடைப்பட்ட இந்நிலத்திற்குக் கோனாடு என்று பெயர். அக்கோனாட்டை ஆண்டவர் இருக்குவேளிர். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று நின்ற வாயில் இருங்கோவேளின் வாயில். புறநானூற்றின் 201, 202ஆம் பாடல்கள் அதனைக் காட்டும். அவ்விருங்கோவேளின் வழியினரே கொடும்பாளூர் இருக்குவேளிர் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கொடும்பாளூரின் வணிகக் குழுவாகிய மணிக்கிராமத்தாரைக் கல்வெட்டுகள் பெயர் சுட்டிக் கூறுகின்றன.

இவ்வேளிருள் ஒருவர் இடங்கழியார். சேக்கிழார் கூறும் வரலாறு எளியது. அடியார்க்கு உணவிடும் ஒருவர் வீட்டில் நெல் அற்றுப்போயிற்று. அவர் நள்ளிரவில் மன்னனின் நெற்களஞ்சியத்துள் புகுந்து நெல்லெடுத்தார். காவலர் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினர். ஏன் திருடினாய் என்று கேட்ட இடங்கழியார், விடையைக் கேட்டதும் அவரை விடுவித்தார்; அடியார் அனைவரும் களஞ்சியத்தில் வேண்டியதை எடுத்துச் செல்லலாம் எனப் பறையறைவித்தார். கூட்டுச்சாலையில் அமர்ந்து ஆண்ட குடியினரின் நெஞ்சு அத்தகையது. வருவோர் போவோர் அனைவர்க்கும் உணவிட வேண்டும் என்பது அந்நிலத்தில் ஊறிய அறம்.

இனிக் கட்டடங்களைக் காண வேண்டும்.

நெடுஞ்சாலையினின்று சற்றே விலகிச் சென்றால் மூவர் கோயில் தென்படும். வேளிருள் புகழ்பெற்ற பூதி விக்கிரமகேசரி என்பவன் எடுப்பித்த மூன்று கற்றளிகளின் தொகுதி அது. தன் பெயரால் ஒன்றும், தன் அரசியர் இருவர் பெயரால் இரண்டுமாக அவன் கட்டினான். மூன்றும் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில், மேற்கு நோக்கி நின்றன. ஒவ்வொன்றும் அடியில் ஏறத்தாழ 21 அடிச் சதுரம். இன்று நடுத்தளியும் தென்தளியும் முழுமையாக நிற்கின்றன. வடதளியின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. முன்னிருந்த மன்றமும், சுற்றிலும் வரிசையாக இருந்த சிறுதளிகளும், திருச்சுற்று மதிலும் அடித்தள அளவிலேயே காணப்படுகின்றன.

எஞ்சி நிற்கும் இரண்டைக் கண்டாலே போதும். தமிழ்க் கல்தச்சரின் கை இன்னதென்று விளங்கும். அடியில் கவிழ்ந்த தாமரையிதழ். அதன்மேல் ஆளி வரி. அதற்குமேல் அரைத்தூண்கள் பிரித்த சுவர். சுவரின் நடுவே படிமங்களுக்கான மாடங்கள். தூணைப் பார்த்தால் கால், குடம், இதழ், பலகை, போதிகை என்று உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். போதிகைக்கு மேலே உத்திரம். உத்திரத்தின்மேல் குறுகிய உருவினவாகிய பாரிடங்கள் ஆடியும் பாடியும் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் கொடுங்கை வளைந்து இறங்கும். கொடுங்கையில் கூடுகள். அதன்மேல் நிலைகள் எழும், கழுத்து எழும், நான்முகமாக அமைந்த முடி எழும்.

அடி முதல் முடி வரை அனைத்தும் கல். காரை பூசி ஒட்டிய கட்டடம் அன்று. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தும் கட்டடம். உள்ளே கருவறைக்கு மேல், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழுள்ளதைவிடச் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கிக்கொண்டு போய், மேலே இடைவெளியைக் குறுக்கி மூடுவது இத்தகு தளிகளின் முறை. ஒரு கல் அளவு தவறினால் மேலுள்ள அத்தனையும் தவறும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவை தவறவில்லை.

மாடங்களிலும் மேல்நிலைகளிலும் இருந்த படிமங்களோ கண்ணைவிட்டு அகலா. அவற்றை அர்த்தநாரி, கங்காதரர், காலாரி, சந்திரசேகரர் என்று வழிகாட்டி நூல்கள் அடுக்குகின்றன. இத்தளிகள் எழுவதற்கு முன்னரே தேவார மூவர் அவ்வுருவங்களைத் தமிழால் பாடிவிட்டனர். மாதொரு பாகன், கங்கையைச் சடையில் ஏற்றவன், கூற்றை உதைத்தவன், பிறைசூடி என்றால் படிக்காத பாட்டிக்கும் உருவம் கண்முன் நிற்கும். உளியைப் பிடித்த தச்சனின் செவியில் விழுந்திருக்கக்கூடிய பெயர்கள் அவைதாம். தச்சனுக்குத் தெரிந்த பெயர் இருக்கத் தெரியாத பெயரை ஒட்டுவது எதற்கு?

ஆனால், பழி முழுவதையும் இக்கால வழிகாட்டி நூல்களின் தலையில் சுமத்துவது முறையாகாது. பிழையின் வேர் அந்தச் சுவரிலேயே இருக்கின்றது.

மூவர் கோயிலின் நடுத்தளியில் விக்கிரமகேசரியின் கல்வெட்டு உள்ளது. தொடக்கப் பகுதி சிதைந்துபோயிற்று. எஞ்சிய பகுதியில் வேளிரின் வழிமுறை கூறப்படுகின்றது. வாதாபியை வென்றவன் ஒருவன். அதிராசமங்கலப் போரில் சாளுக்கியனைக் கொன்றவன் ஒருவன். அவன் சோழர்குலப் பெண்ணாகிய அனுபமையை மணந்து பெற்ற மகனே பூதி விக்கிரமகேசரி. அவன் பல்லவப் படையைக் காவிரிக் கரையில் முறியடித்தான், வீரபாண்டியனை வென்றான், வஞ்சிவேளை அழித்தான். மூன்று தளிகளை எடுப்பித்தபின், மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெருமடம் ஒன்றை அளித்து, 50 துறவியர்க்கு உணவிடுவதற்காக 11 ஊர்களையும் கொடுத்தான். இக்கல்வெட்டின் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதி என்பாரும் உளர். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பாரும் உளர். இருக்குவேளிரின் வரலாற்றிற்கு இதுவே முதன்மையான சான்று.

அச்சான்று எம்மொழியில் உள்ளது? வடமொழியில்! கிரந்த எழுத்தில் பொறிக்கப்பெற்ற வடமொழிப் பாக்களில்!

இருங்கோவேளின் குடி எனப் பெருமை பேசும் குடி. கபிலரின் தமிழை நேரே கேட்ட குடி. இளங்கோவடிகள் பாடிய குளக்கரையில் அமர்ந்து ஆண்ட குடி. அக்குடி தன் முன்னோரின் பெயர்வரிசையைத் தன் மக்கள் பேசாத மொழியில் கல்லில் வெட்டி வைத்தது. வெட்டச் சொன்னவனும் தமிழன்; வெட்டியவனும் தமிழன்; கல்லும் தமிழ்நிலத்துக் கல். படிக்க வல்லவன் மட்டும் வேறொருவன்.

இது கொடும்பாளூரில் மட்டும் நேர்ந்த பிழையன்று. செங்கல்லும் மரமும் மாழையும் சுதையும் இன்றித் தான் கோயில் எடுத்ததாக 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பெருமையுடன் அறிவித்தான். அவ்வறிவிப்பும் வடமொழியே. பல்லவரும் பாண்டியரும் சோழரும் விடுத்த செப்பேடுகளைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அரசனின் குலப்பெருமை பேசும் பகுதி பெரும்பாலும் வடமொழியில் இருக்கும். நிலத்தின் நான்கெல்லை, வாய்க்கால், கிணறு, வரி, உழுவோர் உரிமை ஆகியன தமிழில் இருக்கும். கொடும்பாளூரிலும் சுற்றுப்புறக் கோயில்களிலும் நிலக்கொடையும் விளக்குக் கொடையும் தமிழில்தான் வெட்டப்பட்டன. புகழ்க்கணக்கு வடமொழிக்கு, நிலக்கணக்கு தமிழுக்கு!

ஏன் அவ்வாறு? நிலக்கணக்கை ஊரார் படிக்க வேண்டும். படித்தால்தான் எல்லை நிற்கும், வரி வரும். அங்கே தமிழ் இல்லாமல் நடவாது. புகழையோ ஊரார் படிக்கத் தேவையில்லை. பிற அரசர்களும் அவர்தம் அவைப் புலவர்களும் படித்தால் போதும் என்று ஆண்டவர் எண்ணினர். வேலைக்குத் தமிழ், மேன்மைக்கு வேற்றுமொழி என்னும் பிரிவினை இன்றைய அலுவலகத்திலும் திருமண அழைப்பிதழிலும் கடைப்பலகையிலும் காணப்படுகின்றதே, அதன் பழைய வடிவம் மூவர் கோயிலின் சுவரில் இருக்கின்றது. வேற்றவர் வந்து திணித்தது ஒருபுறம். தமிழரே விரும்பி ஏற்றது மறுபுறம். இரண்டாவதை ஒப்புக்கொள்ளாமல் முதலாவதை மட்டும் பேசுவோர் நோயின் பாதியை மறைப்பவராவர்.

எழுத்து எம்மொழியில் இருந்தால் என்ன, கட்டடம் நிற்கின்றதே என்று சிலர் கேட்கக்கூடும். கட்டடம் நிற்கின்றது, உண்மை. ஆனால் அவ்வூரின் உழவன் ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு அச்சுவரின் ஓரமாகச் செல்கையில், தன் நிலத்தை ஆண்டவன் யார், அவன் என்ன செய்தான் என்பதை அச்சுவர் அவனுக்குச் சொல்லவில்லை. எல்லைக் கல்வெட்டைத் தட்டித் தடவியேனும் அவன் சில எழுத்துகளைக் கூட்டிவிடுவான். இதில் அதுவும் இயலாது. ஊரின் நடுவே நின்றுகொண்டு ஊரோடு பேசாத சுவராக அது ஆயிரம் ஆண்டு நிற்கின்றது. இழப்பு அதுதான்.

எனினும், அந்த வடமொழிப் பாக்களுக்குள்ளேயே ஒரு தமிழ்ச்சொல் தலைநிமிர்ந்து நிற்கின்றது. விக்கிரமகேசரியின் அரசியர் இருவர். ஒருத்தி வரகுணை. மற்றொருத்தியின் பெயர் கற்றளி! பாடிய புலவன் யாவற்றையும் வடமொழியாக்க வல்லவன். ஆனால் அரசியின் பெயரை என் செய்வான்? மாற்றினால் அவள் வேறொருத்தி ஆகிவிடுவாள். ஆகவே அப்பெயரை அப்படியே வைத்தான்.

கல் என்பதும் தளி என்பதும் சேர்ந்தது கற்றளி. தளி என்பது கோயிலுக்குத் தமிழர் வழங்கிய பழம்பெயர். கச்சித் திருமேற்றளி, பழையாறை வடதளி என்று தேவாரம் பாடும். செங்கல்லால் இருந்த கோயில்கள் கல்லால் மாறியபோது மக்கள் அவற்றைக் கற்றளி என்றனர். தஞ்சையில் வானளாவ எடுத்த பெருங்கோயிலை மாமன்னன் இராசராசன் தன் கல்வெட்டில் திருக்கற்றளி என்றே குறிக்கின்றான். அச்சொல்லின்மீது மக்கள் கொண்ட பற்று எத்தகையது எனின், பெற்ற மகளுக்கே அதைப் பெயராகச் சூட்டினர்! கல்தச்சு என்னும் கலை ஒரு தாயின் வாயில் தாலாட்டுப் பெயராக ஒலித்த காலம் அது. இன்று தம் மகளுக்குக் கற்றளி என்று பெயரிடத் துணியும் பெற்றோர் எத்தனை பேர்?

அதே ஊரில் இன்னொரு பெயருக்கு நேர்ந்த கதையையும் அறிய வேண்டும். மூவர் கோயிலுக்கு அருகிலேயே மற்றொரு கற்றளி உண்டு. 10ஆம் நூற்றாண்டில் மகிமாலய இருக்குவேள் என்பவன் எடுப்பித்தது. அங்குறையும் இறைவனின் பழம்பெயர் திருமுதுகுன்றமுடையார். முதிய குன்றத்தை உடையவர், பொருள் தெளிவானது. இன்று அக்கோயிலை யாவரும் அறிவது முசுகுந்தேசுவரர் கோயில் என்று! முதுகுன்றம் முசுகுந்தம் ஆயிற்று. முசுகுந்தம் ஆனதும் குரங்கு முகமுடைய முசுகுந்தன் என்னும் மன்னனின் தொன்மக்கதை வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பெயரைச் சிதைத்தால் பெயர் மட்டும் போவதில்லை; அதன் உண்மைப் பொருள் போய்ப் பொய்க்கதை குடியேறுகின்றது. நடுநாட்டு முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும், மறைக்காடு வேதாரணியம் ஆனதும் இவ்வழியில்தான்.

சிதைந்த பெயரைத் திருத்த இயலாது என்பாரும் உளர். மாயூரமாகத் திரிந்திருந்த ஊர் 1982இல் மயிலாடுதுறை என்னும் தன் பழம்பெயரை மீண்டும் பெற்றது. அதனால் தொடர்வண்டி நின்றுவிடவில்லை, அஞ்சல் தவறிப்போகவில்லை. பேரூர் ஒன்றின் பெயரைத் திருத்த முடியுமானால், சிற்றூர்க் கோயில் ஒன்றின் பெயரைத் திருத்த முடியாதா?

கொடும்பாளூரில் மூன்றாவதாக ஐவர் கோயில் என்று ஒன்றுண்டு. நடுவில் ஒரு பெருந்தளியும் நான்கு மூலைகளில் நான்கு தளிகளுமாக ஒரே மேடையில் அமைந்திருந்தது. இன்று மண்ணிலிருந்து அகழ்ந்து காட்டப்பெற்ற அடிப்பகுதி மட்டுமே உள்ளது. மூவரில் ஒருவர் போயினர்; ஐவர் ஐவருமே போயினர். எஞ்சிய சின்னங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கின்றன. ஆனால் துறை காக்கக்கூடியது கல்லை மட்டுமே. சொல்லைக் காக்கத் துறை வராது. மக்கள்தாம் வர வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கன சில உள. விக்கிரமகேசரியின் வடமொழிப் பாக்களை எளிய தமிழில் பெயர்த்து, ஊரார் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் அங்கு வைத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டு பேசாத சுவர் அன்றுதான் தன் ஊரோடு பேசும். திருமுதுகுன்றமுடையார் என்னும் பெயரை அழைப்பிதழிலும் அருச்சனையிலும் பலகையிலும் வழங்க வேண்டும். பள்ளி மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கொடுங்கை, கூடு, போதிகை, பலகை, இதழ், பாரிடம், திருச்சுற்று என்னும் சொற்களை அந்தந்த உறுப்பைத் தொட்டுக் காட்டிச் சொல்லித்தர வேண்டும். தொட்டுக் கற்ற சொல் மறவாது. ஊர்ப்புறத்தில் வரப்பிலும் குளக்கரையிலும் வேலைப்பாடுடைய கல்லொன்று கண்ணில் பட்டால், அதைத் துணி துவைக்கும் கல்லாகவோ படிக்கல்லாகவோ ஆக்காமல் உரியோர்க்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை.

1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது முதலில் மாற்றியது தம் பெயரை. வேதாசலம் மறைமலை ஆனார். பிறரைத் திருத்துமுன் தம்மைத் திருத்திக்கொண்ட அந்த நேர்மையே இயக்கத்தின் அடித்தளம். விக்கிரமகேசரி தன் வாளால் கோனாட்டைக் காத்தான். தன் மொழியைக் காக்கவில்லை. அவன் அரசியின் பெயரோ, அவன் செய்யத் தவறியதைச் செய்துவிட்டது.

கொடும்பைக் கவலையில் நின்ற கோவலனுக்கு வழி சொல்ல ஒருவன் வந்தான். அவன் காட்டிய மூன்று வழிகளும் மதுரைக்கே சென்றன. இன்று தமிழன் நிற்கும் கவலையில் பிரியும் வழிகள் அத்தகையன அல்ல. ஒன்று மட்டுமே தமிழுக்குச் செல்வது. அவ்வழி எதுவென்று காட்ட வழிப்போக்கன் எவனும் வரத் தேவையில்லை. நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே இறங்கி, அந்தக் கற்றளியின் முன் போய் நின்றால் போதும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் நெறி!